அவள் பார்க்கிற பக்கம்

"ஸ்டானிஸ், மூணு பேரு, ஏ.சி.க்கு வாங்க" என்று மைக்கில் வந்த குரல் ஓட்டலின் முன்கூடத்தில் காத்திருந்த அத்தனை பேரையும் ஒருதரம் நிமிர்த்தியது, தங்கள் பெயரில்லை என்று தெரிந்ததும் தலைகள் மறுபடி செல்போனுக்குள் கவிழ்ந்துகொண்டன. ஜெசிந்தா நிமிரவில்லை. மடியிலிருந்த மகளின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி சரியாக அவர்கள் தலைக்கு மேலே இருந்தது, நாற்காலியின் கைப்பிடி வரைக்கும் அந்தக் கரகரப்பு இறங்கியது, ஆஷ்லினோ பூசைக்குப் போகும்போது கட்டிவிட்ட வெள்ளை ரிப்பனின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், இழுத்த கை ஒரு நொடி நின்றது, நின்றதா, நின்றது போலத்தான் இருந்தது, இல்லை, முடிச்சு இறுகியதால் நின்றது, இல்லை, குரலுக்குத்தான் நின்றது, அப்படியென்றால் ஏன் திரும்பவில்லை, ஏன் திரும்ப வேண்டும், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பா என்றால் அப்பாதான், ஸ்டானிஸ் என்று யாரையோ கூப்பிட்டால் அதற்கென்ன. ஐந்து வாரமாக இப்படித்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வழக்கு, இரண்டு பக்கத்துக்கும் அவளே வக்கீல், தீர்ப்பு மட்டும் வருவதில்லை. என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்ற வாக்கியத்தை அவள் ஒருமுறைகூட மனதுக்குள் முழுசாகச் சொன்னதில்லை, என் பிள்ளைக்கு, என்பதோடு நிறுத்திவிடுவாள், மிச்சத்தை யாராவது மறுத்துச் சொல்லிவிட மாட்டார்களா என்று காத்திருப்பாள். "ஏட்டி, பேரு கூப்பிட்டாச்சு, பிள்ளையத் தூக்கு, எடத்த வேற எவனாவது பிடிச்சிருவான்" என்று ஸ்டானிஸ் தோளைத் தட்டினான். எழுந்தாள். பைக்கில் வரும்போதே அவன் சொல்லியிருந்தான், தலையைத் திருப்பாமல், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "இன்னைக்கு அந்தப் பேச்சு கெடயாது, சொல்லிட்டேன். சாப்பிட வந்தா சாப்பிடணும். எடுத்தன்னா அப்படியே எழும்பி நடந்துருவேன்." சரி என்று அவளும் சொல்லியிருந்தாள். பேசமாட்டாள். பார்ப்பாள், பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

சுவரோரத்து மேசை கிடைத்தது. சுவரை ஒட்டி நீளமான மெத்தை இருக்கை, எதிரே குழந்தைக்கு உயரமான நாற்காலி போட்டார்கள். பிள்ளை தன்னையும் சுவரையும் மட்டும் பார்க்கும்படி, கூடம் முழுக்க அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஜெசிந்தா நாற்காலியைத் திருப்பினாள். "பிள்ளைய ஏன் சுவரப் பாத்து உக்கார வைக்கே? நாலு பேரப் பாத்தாத்தான அதுக்குச் சோறு எறங்கும்." "ஏ.சி. காத்து மூஞ்சியில அடிக்குங்க." பொய். பூசை முடிந்து, நற்கருணை வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பொய். அவன் அவள் பக்கத்தில் மெத்தையில் வந்து சாய்ந்தான், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான், "ஆ" என்று ஒரு பெருமூச்சு விட்டான், அந்த மூச்சுக்காகத்தான் இங்கே வருகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. சாப்பாட்டுக்காக இல்லை. வீட்டிலும் சோறு இருக்கிறது, மேசையும் இருக்கிறது, கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் செய்து கொடுத்த ஆறு பேர் உட்காரும் மேசை, அதன்மேல் மடிக்காத துணி மலையாகக் குவிந்திருக்கும், துணிக்கு நடுவே ஒரு குழி தோண்டிக்கொண்டு ஒருவர் மட்டும் தட்டு வைக்கலாம். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றுவிட்டால் ஸ்டானிஸுக்குக் காலையும் கிடையாது மாலையும் கிடையாது, சரக்கு விடுவிக்கும் ஆபீசில் கையெழுத்துக்குக் கையெழுத்து அலைவான், வந்ததும் நின்றபடி நாலு வாய். அவளுக்கு வங்கியில் கவுண்டர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில் அடுப்பின் முன்னால் நின்றே இட்லியை விழுங்குவாள். பிள்ளைக்கு ரோஸ்லின் அக்காவின் பேபி கேரில் எட்டுப் பிள்ளைகளோடு ஒன்றாக, செல்போனில் பொம்மை ஆடுவதைக் காட்டிக் காட்டி ஊட்டிவிடுவார்கள். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பசி, மூன்று நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இந்த மெத்தை, இந்தக் குளிர், இந்த எதிரெதிர் முகம். பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடலாம், பாதி விலையில் முடியும், ஆனால் பார்சல் வீட்டுக்குள் வந்ததும் டி.வி.க்கு முன்னால் போய்விடும், ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடும். இங்கே எழுந்து ஓட முடியாது. இன்னொருவர் பரிமாறினால்தான் வீட்டுப் பெண் உட்கார முடியும், வீட்டுப் பெண் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் எழாமல் இருப்பார்கள், இதைக் கண்டுபிடித்தவன் ஓட்டல்காரனாகத்தான் இருக்க வேண்டும். கூடம் நிறைய அப்படிப்பட்ட குடும்பங்கள்தான், பூசை முடிந்தவர்கள், சர்ச் முடிந்தவர்கள், கடைக்கு விடுமுறை விட்டவர்கள், வாரம் முழுக்க ஒருவரையொருவர் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து முகம் பார்க்க வந்தவர்கள். முகம் பார்ப்பதில் இருக்கிற ஆபத்து அவர்களுக்கெல்லாம் தெரியாது. அவளுக்கும் ஐந்து வாரத்துக்கு முன்னால்வரை தெரியாது.

அன்றைக்கும் இதே போலக் குளிர், இதே போல எதிரெதிராக. வீட்டில் பிள்ளையை அவள் எப்போதும் தூக்குவாள், துடைப்பாள், மாற்றிவிடுவாள், எதிரே உட்கார்ந்து சும்மா பார்ப்பது இங்கே மட்டும்தான், பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் யாரோ ஒரு அடுக்குத் தட்டைக் கை நழுவ விட்டார்கள். பீங்கான். கூடமே துள்ளியது. ஸ்டானிஸின் கையிலிருந்த தண்ணீர் தளும்பியது, ஒரு பாட்டி "ஏசுவே" என்றாள், எங்கோ ஒரு கைக்குழந்தை வீறிட்டது, ஆஷ்லின் அப்பளத்தில் ஒரு கொப்புளத்தை விரலால் அமுக்கி உடைத்து அது உடைந்ததைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். ஜெசிந்தாவும் சேர்ந்து சிரித்தாள். பஸ்ஸில், திங்கட்கிழமை, ஒன்பதரைக்கு, ஒரு பாலத்தின் மேலே போகும்போதுதான் அந்தக் கூடத்தில் துள்ளாத ஒரே ஆள் யாரென்று அவளுக்கு உறைத்தது. அதன் பிறகு எல்லாமே வேறு முகம் காட்டத் தொடங்கின. ரோஸ்லின் அக்கா சொல்வது, "உங்க பிள்ள மாதிரி பத்துப் பிள்ள இருந்தா நான் கால நீட்டித் தூங்கிருவேன் பாத்துக்கிடுங்க. மத்ததெல்லாம் கத்தும்போதும் இது அதுபாட்டுக்கு உறங்குதே." அத்தை போனில் சொல்வது, "காய்ச்சல்ல கெடந்து எழும்புனதுல இருந்து பிள்ள என்ன அமரிக்கையா ஆயிட்டு, கண்ணு படப் போவுது, சுத்திப் போடு." எல்லாம் பாராட்டு. பத்து மாதமாகப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தாள், அதில் அவளுக்குப் பெருமை வேறு, அதைத்தான் நினைக்க முடியவில்லை, அந்தப் பெருமையைத்தான். மலைமேல் கான்வென்ட் விடுதியில் பத்து வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் பேசாமல் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். நூற்றிருபது பெண்கள், ஸ்பூன் தட்டில் படக்கூடாது, சிஸ்டர் கைமணியை அடித்தால்தான் வாய் திறக்கலாம். மற்ற பிள்ளைகள் ஓட்டலில் மேசைக்கடியில் புகுந்து கத்தும்போது தன் பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இது என் வளர்ப்பு, என்று நினைத்திருக்கிறாள். வேறு எந்தத் தாய்க்கும் வராத கிறுக்கு அவளுக்கு வந்தது, பிள்ளையின் மௌனத்தை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டாள். காய்ச்சலுக்கு முன்னால் அது "கா" என்று சொல்லும். ஜன்னலில் காக்கா வந்தால் "கா, கா". அதற்கப்புறம் சொன்னதா? எப்போது நின்றது? அந்த நாளை அவளால் பிடிக்க முடியவில்லை. மூளைக்காய்ச்சல் என்று மருத்துவமனையில் ஒன்பது நாள், கழுத்தை வளைக்க முடியாமல் கிடந்த ஒன்பது நாளில் நாலு நாள் அவள் வங்கிக்குப் போனாள், கணக்கு முடிக்கிற மாதம், லீவு இல்லை என்றார் மேனேஜர், ஸ்டானிஸும் அத்தையும்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாலு நாளில் போயிருக்குமோ அந்தக் கா. டாக்டரிடம் போயிருக்கலாம். தனியாகவே போயிருக்கலாம், ஒரு மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு. போனால் ஒரு காகிதம் கொடுப்பார்கள். காகிதத்தில் எழுதிவிட்டால் அது எழுதினதாகிவிடும். எழுதாதவரைக்கும் பிள்ளைக்கு இன்னும் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு எண்ணம், அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வாரம் தொங்கிவிட்டாள்.

"வாங்க சார், வாங்கம்மா. பிள்ளைக்கு வழக்கம்போல நெய்ச்சோறுதான?" சப்ளையர் அண்ணாச்சி வந்து நின்றார், நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, அவருக்கு இந்த மேசையும் இவர்களும் பழக்கம். "எனக்கு மட்டன் பிரியாணி, அவளுக்கு மீன் சாப்பாடு. நெய்மீன் இருக்கா அண்ணாச்சி?" "காலம்பற வந்தது. கண்ணத் தொறந்துகிட்டுல்லா கெடக்கு." "அப்ப அதப் பொரிச்சுக் கொண்டாங்க, கண்ண மூடட்டும்." சிரித்தார்கள். ஸ்டானிஸ் சிரித்தால் பக்கத்து மேசைவரை கேட்கும், நல்ல சிரிப்பு, அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் அவனுக்குச் சரி சொன்னாள், இப்போது அந்தச் சிரிப்பின்மேல் அவளுக்குச் சந்தேகம், கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறானோ, எதையோ மூடுவதற்குச் சிரிக்கிறானோ. அண்ணாச்சி ஆஷ்லினின் முகத்துக்கு நேராகக் குனிந்து "என்ன குட்டி, அண்ணாச்சியத் தெரியுதா?" என்றார், பிள்ளை வாய் நிறையச் சிரித்துக் கையை நீட்டியது. பார், தெரிகிறது, கேட்கிறது. இல்லை, முகத்துக்கு நேராகக் குனிந்தார். யாராயிருந்தாலும் சிரிக்கும். பக்கத்து மேசையில் இரண்டு பையன்களோடு வந்திருந்த அம்மா, ஒன்றை இழுத்து உட்கார வைத்துவிட்டு மற்றதற்குக் கை ஓங்கிக்கொண்டே இவர்கள் பக்கம் திரும்பினாள். "பிள்ள எத்தன வயசு? ரெண்டா? எப்படி இருக்கு பாருங்க, சத்தங்காட்டாம. எங்க வீட்டுல ரெண்டும் வானரம். ஏலேய், அந்தப் பாப்பாவப் பாத்துப் படிலே, எப்படி இருக்கு பாரு." "அவ அம்மா கான்வென்ட்டுலா, அதான்" என்று ஸ்டானிஸ் சொன்னான். "ஆமா, பாத்தாலே தெரியுதே" என்றாள் அந்த அம்மா. ஜெசிந்தா சிரித்தாள், வாய் சிரித்தது, மேசைக்கடியில் கட்டைவிரல் நகம் ஆள்காட்டி விரலைக் குத்திக்கொண்டிருந்தது. இந்தப் பாராட்டை யாராவது நிறுத்த மாட்டார்களா. ஒரு வானரத்தை எனக்குக் கொடு, மாதாவே, மேசைக்கடியில் புகுந்து ஊரைக் கூட்டுகிற ஒரு வானரத்தை.

சாப்பாடு வந்தது. சோற்றில் ஆவி, மீன் வறுவலில் மிளகாய் வாசம், ஸ்டானிஸ் பிரியாணிக்குள் கையை விட்டான், அவள் நெய்ச்சோற்றைப் பிசைந்து உருட்டி ஆற வைத்துக்கொண்டிருந்தாள், அப்போது அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டம் விழுந்து உருண்டது, ணங்கென்று. ஆஷ்லின் திரும்பினாள். அடுக்களைப் பக்கம், சரியாக அந்தப் பக்கமே, கழுத்தைத் திருப்பி, அகலமாக விழித்து. ஜெசிந்தாவின் கையிலிருந்து உருண்டை விழுந்தது. "பாத்தியா? பாத்தியாட்டி?" ஸ்டானிஸ் வாயில் சோற்றோடு சொன்னான், அவனே எடுக்கக் கூடாது என்று சொன்ன பேச்சை அவனே எடுத்தான், "நான் என்ன சொன்னேன்? சும்மா கெடந்து உளத்திக்கிட்டு. எங்கப்பா மூணு வயசுக்கு மேலதான் வாயத் தொறந்தாராம், எங்க வம்சமே அப்படித்தான்." அவள் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் என்று சொல்லித் துடைத்தாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக மீன் மீனாக ருசித்தது. மாதாவே, தாயே, நான் பைத்தியக்காரி, வேலை அலுப்பு, வேறொன்றுமில்லை. இடது பக்கம் யாருடைய செல்போனோ பாட்டோடு அலறியது, ஆஷ்லின் இடது பக்கம் திரும்பினாள். இரண்டு. இரண்டு தரம் தற்செயலாக இருக்குமா, இருக்காது. பேபி கேரில் உறங்குகிற பிள்ளை அலுத்து உறங்குகிறது. அப்பளம் அன்றைக்குச் சுவாரசியமாக இருந்திருக்கும். கா எங்கும் போய்விடவில்லை, வரும். அப்படி நிம்மதியில் அவள் தலையைப் பின்னால் சாய்த்து மேலே, கூரையில், குளிர் வருகிற கட்டத்தைப் பார்த்தாள், அங்கே கட்டியிருந்த ஒரு காகிதத் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது, சும்மா பார்த்தாள், பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கினாள், பிள்ளையும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே சத்தம் எதுவும் வரவில்லை. மெதுவாக, தன்னைத்தானே ஏமாற்றுவதுபோல, வலது மூலையைப் பார்த்தாள், அங்கே ஒன்றும் கிடையாது, ஒரு தூண், ஒரு பிளாஸ்டிக் செடி. ஆஷ்லின் தூணைத் திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். ஆஷ்லின் இடது பக்கம். வாசலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், யாரோ வந்த மாதிரி, பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தது, வந்தவர்களைத் தேடியது. தட்டம் விழுந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். செல்போன் அலறியபோது நான்தான் பார்த்தேன். அவள் கேட்டுத் திரும்பவில்லை, என் கண்ணைப் படித்துத் திரும்புகிறாள். வீட்டில் கதவு அடித்தது, திரும்பினாள் என்றோமே, நான் கதவைப் பார்த்திருப்பேன். பேரைச் சொன்னால் வருகிறாள் என்றோமே, யார் சொன்னாலும் நான் அவர்களைப் பார்த்திருப்பேன், அவளுக்கு ஒரே ஒரு மணி இருக்கிறது, அது என் முகம். எவ்வளவு நாளாக இதைக் கற்றுக்கொண்டது, யார் கற்றுக்கொடுத்தார்கள், தொட்டிலுக்குள் கிடந்துகொண்டு தானாகவே கற்றுக்கொண்டதா இந்தப் பச்சை மண். ஐந்து வாரம் முந்தித் தட்டுகள் நொறுங்கியபோது நான் ஏன் திரும்பவில்லை? அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளையையும் அப்பளத்தையும், அதனால்தான். சிஸ்டர் பெனிஞ்ஞா சாப்பாட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே சொல்வார், கண்களைக் காவலில் வையுங்கள் பிள்ளைகளே, கண்தான் முதலில் மேயப் போகும். பதினெட்டு வயது வரைக்கும் அதில் அவளுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. இப்போது வைத்தாள். தட்டில், தயிர்க் கிண்ணத்தின் விளிம்பில், ஒரு புள்ளியில் கண்ணை இறக்கிவைத்துக் காவல் போட்டாள், முகத்தில் இருந்ததையெல்லாம் துடைத்து உள்ளே அனுப்பினாள். பக்கத்து மேசைப் பையன் ஒருவன் கரண்டியால் மேசையை டமடமவென்று அடித்தான், அவன் அம்மா "எறியப் போறேன் பாரு ஒன்ன" என்று கத்தினாள், பில் மேசையில் மணி அடித்தது, மைக் "ஜெயராணி, அஞ்சு பேரு" என்றது, சிரிப்பு, நாற்காலி இழுபடுகிற கீச்சு, குக்கர் விசில், கூடம் முழுக்கச் சத்தம், கடல் மாதிரி, இத்தனை நாள் இதை அவள் கவனித்ததே இல்லை, இத்தனைக்கும் நடுவே கண்ணோரத்தில் ஒரு வெள்ளை ரிப்பன் அசையாமல் இருந்தது.

"இரு, கை கழுவிட்டு வந்துருதேன்" என்று ஸ்டானிஸ் எழுந்து போனான். அவள் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், பேசமாட்டேன் என்று கொடுத்த வார்த்தை இருக்கிறது, எழுந்து போய்விடுவான், போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவளும் பின்னாலேயே ஓட வேண்டும், எல்லாரும் பார்ப்பார்கள். வேண்டாம், நாளைக்கு. நாளைக்குக் கப்பல். நாளை மறுநாள். அவன் கழுவிவிட்டு வருவது தெரிந்தது, பார்க்காமலே தெரிந்தது, அவனுடைய செருப்பு ஒரு பக்கம் தேய்த்து நடக்கும். ஒவ்வொரு வாரமும் அவன் ஒரு விளையாட்டு வைத்திருந்தான், திரும்பி வரும்போது நேரே வந்து உட்கார மாட்டான், குழந்தை நாற்காலிக்குப் பின்னால் வந்து ஒளிந்து நின்று "ஆஷ்லிக்குட்டி" என்று கூப்பிடுவான், பிள்ளை திரும்பிக் கலகலவென்று சிரிக்கும், பக்கத்து மேசைகளும் சேர்ந்து சிரிக்கும். இன்றைக்கும் வந்து நின்றான். இரண்டு அடி தள்ளி, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், கையிலிருந்து நீர் சொட்ட. "ஆஷ்லிக்குட்டி." ஜெசிந்தா தயிர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஷ்லி." பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தது. "ஆஷ்லின்! ஏ குட்டி! அப்பா இங்க!" பக்கத்து மேசைப் பையன்கள் இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர்கள் அம்மா சிரிக்கத் தயாராகத் திரும்பினாள், சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணாச்சி தண்ணீர்ச் செம்போடு நின்றார். கூடத்தில் இருந்த ஒவ்வொரு தலையும் அந்தக் குரலுக்குத் திரும்பியது, ஒரு தலையைத் தவிர. ஸ்டானிஸ் மறுபடி கூப்பிடவில்லை. அவன் குரல் இறங்கிவிட்டது, பிள்ளையிடம் அல்ல, அவளிடம் வந்தது, கெஞ்சலாக, ரகசியம் மாதிரி. "ஜெசி. என்னயப் பாரு." அவள் பார்க்கவில்லை. "ஏட்டி, ஒரே ஒரு தடவ. நீ பாத்தாத்தான அவ பாப்பா."

அந்த வார்த்தை காதுக்குள் விழுந்து, அடி தெரியாத இடம்வரை விழுந்துகொண்டே போனது. நீ பார்த்தால்தான் அவள் பார்ப்பாள். அவனுக்குத் தெரியும். விளையாட்டு இல்லை அது. ஒவ்வொரு ஞாயிறும், இங்கே, இந்தக் கூட்டத்துக்கு நடுவே அவன் பிள்ளையைக் கூப்பிடுவது பிள்ளைக்காக இல்லை, அவளை நிமிர வைத்து, அவள் கண் வழியாகப் பிள்ளையைத் திருப்பி, திரும்பிவிட்டாள் பார், திரும்பிவிட்டாள் பார் என்று தனக்கே காட்டிக்கொள்வதற்கு. நிமிரலாம். அவ்வளவுதானே, கண்ணை ஒரு சாண் உயர்த்தினால் போதும், பிள்ளை திரும்பும், சிரிக்கும், பக்கத்து மேசை அம்மா "அப்பாவப் பாத்ததும் சிரிப்பப் பாரு" என்பாள், அண்ணாச்சி தண்ணீர் ஊற்றுவார், ஐஸ்கிரீம் சொல்வார்கள், அடுத்த ஞாயிறு மறுபடி வரலாம், அதற்கடுத்த ஞாயிறும். அவள் நிமிரவில்லை. அவன் சுற்றிக்கொண்டு வந்து மெத்தையில் உட்கார்ந்தான், ஈரக் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல மேசைமேல் மல்லாத்தி வைத்தான். கூடம் மறுபடி அதன் சாப்பாட்டுக்குத் திரும்பியது. "எப்பருந்து தெரியும்?" என்று கேட்டாள், கிண்ணத்திடம் கேட்பதுபோல. "வீட்டுக்கு அனுப்புன அன்னைக்கே டாக்டர் சொன்னாரு. ஒரு மாசங்கழிச்சு காதப் பாத்துருங்கன்னு. நீ பேங்க்ல இருந்த." "பத்து மாசம்." "பாப்போம் பாப்போம்னு," என்றான், "அந்த வாரம் கப்பலு. அப்புறம் பிள்ள சிரிச்சா. திரும்புனா. எனக்கு, ஜெசி, எனக்குப் பயமாயிருந்துச்சுட்டி." இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு. அவளுக்கு அவனை அடிக்கத் தோன்றியது, அவன் தோளில் முகத்தைப் புதைக்கவும் தோன்றியது, இரண்டும் ஒரே கையில் வந்து அந்தக் கை அசையாமல் கிடந்தது. "நாளைக்குக் காலைல போறோம்" என்றாள். "நாளைக்கு" என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டு, "சரி" என்றான். அதற்குமேல் இரண்டு பேராலும் எதையும் பார்க்க முடியவில்லை, எதிரே இருந்த முகத்தைத் தவிர. ஆஷ்லின் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி அம்மாவை. வழக்கமாக இரண்டில் ஒரு முகமாவது எங்காவது போகும், அதைப் பிடித்துக்கொண்டு இவளும் போவாள், இன்றைக்கு இரண்டும் இவள்மேலேயே நின்றன, எந்தப் பக்கமும் காட்டவில்லை. வாயிலிருந்த பருக்கையை மெல்லாமல் சற்று நேரம் இருந்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரும் காட்டாமல், மெல்ல, தானாகவே உடம்பைத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்தாள். அப்பா நின்று கூப்பிட்ட இடத்தில் இப்போது யாரும் இல்லை.